நாணயம் எங்கே?

மன்னனுக்குத் தொழுநோய். மருத்துவர் பலர் வந்தனர், மருந்து பலிக்கவில்லை. மதகுரு ஒருவர் வந்தார், நீராட்டினார், நோய் பறந்தோடிற்று! நன்றிப் பெருக்கால் நெஞ்சுருகிய மன்னன், ரோம் நகரையும் இத்தாலியையும் மேற்றிசை நாடுகள் அனைத்தையும் அந்தக் குருவுக்கும் அவர் வழிவருவோர்க்கும் உரிமையாக்கிப் பட்டயம் எழுதித் தந்துவிட்டு, கிழக்கே சென்று வேறு தலைநகர் கண்டான்.

ஏதோ ஒரு தலபுராணத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறோம் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! இது ஐரோப்பாவின் கதை. மன்னன், பேரரசன் கான்ஸ்டன்டைன். குரு, போப் முதலாம் சில்வெஸ்டர். காலம், நான்காம் நூற்றாண்டு. அப்படித்தான் சொல்லிற்று பட்டயம். ஆனால் அதை எழுதிய கை கான்ஸ்டன்டைனின் கையன்று. அவன் மாண்டு நானூறு ஆண்டுகள் கழிந்த பின்னர், எட்டாம் நூற்றாண்டில், எவனோ ஒருவன் எழுதி, மன்னன் பெயரைப் பொறித்து உலவவிட்டான். உலவிய பட்டயம் உறுதி பெற்றது. 1054 இல் போப் ஒன்பதாம் லியோ, கான்ஸ்டான்டிநோபிளின் தலைமைக் குருவுக்கு விடுத்த மடலில் அதனையே சான்றாகக் காட்டினார். விண்ணுலகுக்கு வழிகாட்டுவதோடு மண்ணுலகை ஆளவும் உரிமையுண்டு என்று வாதிட்டோர்க்கு அது கைவாளாயிற்று. பல நூற்றாண்டுக் காலம் பட்டயம் பேசிற்று. பாராண்டோர் கேட்டு நின்றனர்!

1440 இல் ஒருவன் எழுந்தான். லொரென்சோ வல்லா என்பது அவன் பெயர். முப்பது வயதைச் சற்றே கடந்தவன், மொழியறிஞன், அரகோன் மன்னன் அல்பான்சோவின் பணியில் இருந்தவன். பட்டயத்தை விளக்கருகே வைத்துச் சொல் சொல்லாகப் படித்தான். படிக்கப் படிக்க நகைத்தான்.

அவன் கையாண்ட முறைகள் இரண்டு. அவ்விரண்டையும் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டும். இக்கட்டுரை முழுவதும் அவற்றின் மீதே நிற்கிறது.

முதலாவது, பட்டயத்தின் உள்ளே நுழைந்து பார்த்தல். பாரசீக நாட்டு ஆளுநரைக் குறிக்கும் 'சத்ரப்' என்னும் சொல் ரோமப் பேரரசின் ஆணைக்குள் எப்படி வந்தது? கான்ஸ்டான்டிநோபிள் இன்னும் நகராக எழவே இல்லையே. அது தலைமைக் குருபீடங்களுள் ஒன்று என்று பட்டயம் எப்படிப் பாடுகிறது? நான்காம் நூற்றாண்டின் இலத்தீனுக்கு இந்தக் கொச்சை நடை ஏது? எழுதியவன் தன் காலத்து மொழியைத் துடைத்துவிட மறந்தான், வல்லாவிடம் அகப்பட்டான்.

இரண்டாவது, பட்டயத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தல். பேரரசில் பாதியைத் தூக்கிக் கொடுத்தானாமே, பெற்ற பிள்ளைகள் வாய்மூடி இருந்தார்களா? மேற்றிசையை ஆண்டானாமே சில்வெஸ்டர், அவன் அனுப்பிய ஆளுநர் யார்? அவன் நடத்திய போர் எது? அவன் பெயர் பொறித்த நாணயம் எங்கே? கான்ஸ்டன்டைன் நாணயம் கிடைக்கிறது. அவனுக்குப்பின் வந்த பேரரசர் நாணயங்களும் கிடைக்கின்றன. மேற்கை ஆண்டதாகச் சொல்லப்படும் குருவின் நாணயம் ஒன்றைக் காட்டுங்கள் என்றான்!

நாணயம் எங்கே? அந்தக் கேள்விக்கு விடை இல்லை. காசும் இல்லை, நம் தமிழ்ச் சொல்லுக்குள்ள மற்றொரு பொருளில் நேர்மையும் இல்லை.

வல்லா மட்டும் தரப்பற்றவனோ? அல்லன். அவனுக்குப் படியளந்த அல்பான்சோவுக்கும் அன்றைய போப் நான்காம் யூஜினுக்கும் பகை இருந்தது. வல்லாவின் நூல் அந்தப் பகைக்குப் பயன்பட்டது. எனினும் அவனுடைய வாதம் அல்பான்சோவின் வாளைச் சார்ந்து நிற்கவில்லை. சான்றைச் சார்ந்து நின்றது. ஆகவேதான் அல்பான்சோ மறைந்த பின்னும் அது நின்றது, அச்சேறிற்று, 1520 இல் மார்ட்டின் லூதர் கையை எட்டி அவரையும் உலுக்கிற்று. தரப்பு இருப்பது குற்றமாகாது. சான்றைத் தரப்புக்கு அடகு வைப்பதே குற்றம்.

போலியை மெய்ப்பித்துவிட்டால் போதும், பொய் மடிந்துவிடும் என்று நம்பத் தோன்றுகிறது. வரலாறு அவ்வளவு எளிதில் நமக்கு ஆறுதல் தருவதில்லை.

1903 இல் ரஷ்ய நாட்டு ஏடு ஒன்றில் ஒரு தொடர் வெளிவந்தது. உலகத்தை அடிமைப்படுத்த யூத மூப்பர்கள் கூடிச் சதி செய்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் என்று அதற்கு முகவுரை. இம்முறை ஒரு மடாலயத்துப் பேழைக்குள் பட்டயம் காத்துக் கிடக்கவில்லை. அச்சுப்பொறி இருந்தது, நாளேடு இருந்தது, அது நாடு நாடாகப் பரவிற்று. அமெரிக்காவில் மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு, தம்முடைய ஏட்டிலே 1920 முதல் அந்த நஞ்சைப் பரிமாறினார். 1921 இல் இலண்டன் 'டைம்ஸ்' ஏட்டின் செய்தியாளர் பிலிப் கிரேவ்ஸ் உண்மையை வெளியிட்டார். 1864 இல் மாரிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சு எழுத்தாளர், மூன்றாம் நெப்போலியனின் கொடுங்கோலை எள்ளி, நரகத்திலே இருவர் உரையாடுவதாக ஒரு நூல் எழுதியிருந்தார். அதிலே யூதர் பற்றிய பேச்சே இல்லை. அந்நூலின் பத்திகளைத் திருடி, பெயரை மாற்றி, யூதர் வாயில் திணித்திருந்தார்கள்! இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து அச்சிட்டுக் காட்டினார் கிரேவ்ஸ்.

1927 இல் போர்டு மன்னிப்புக் கேட்டார். பொய் மாண்டதா? இல்லை. இட்லர் தன் நூலிலே, அது போலி என்று எதிரிகள் அலறுவதே அது மெய் என்பதற்குச் சிறந்த சான்று என்று வாதிட்டான்! மறுப்பையே ஆதாரமாக்கிக் கொள்ளும் மனத்துக்கு எந்த ஆதாரத்தைக் காட்டி என்ன பயன்? அறுபது இலட்சம் யூதர் மாண்ட கொடுமைக்கு அந்த ஒரு போலி மட்டுமே காரணம் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் கொலைக்குக் கூசும் கையின் கூச்சத்தைப் போக்கிய பொய்களுள் அதுவும் ஒன்று.

ஆக, போலி எதனால் வாழ்கிறது? புனைந்தவன் திறத்தால் என்பார் பலர். கான்ஸ்டன்டைன் பட்டயம் இலக்கணப் பிழை மலிந்தது. சதிக் குறிப்புகளோ பச்சைத் திருட்டு. இரண்டிலும் திறமில்லை. ஆயினும் வாழ்ந்தன. நம்ப விரும்பியோர் இருந்தார்கள், நம்பியதால் ஆதாயம் அடைந்தோர் இருந்தார்கள், ஆகவே வாழ்ந்தன. ஆதிக்கத்துக்கு ஆதாரம் தேவைப்பட்டது, பட்டயம் பிறந்தது. வெறுப்புக்குக் காரணம் தேவைப்பட்டது, குறிப்புகள் பிறந்தன.

இந்தப் பழங்கதையை இன்று கிளறுவானேன்? புதிய எழுத்தன் ஒருவன் பிறந்திருக்கிறான். அவனுக்கு உடலில்லை, உறக்கமில்லை, கூலி மிகச் சொற்பம். செயற்கை நுண்ணறிவு என்று அவனுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பொறி என்றதும் மருள வேண்டாம். மருட்சி பகுத்தறிவாளனுக்கு அழகன்று. அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். மலைமலையாக எழுத்தை அதற்கு ஊட்டுகிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னர் எந்தச் சொல் வரும் வாய்ப்பு மிகுதி என்று கணிக்கப் பழக்குகிறார்கள். பழகிய பொறி, கேட்ட பொருளில், கேட்ட நடையில், சொல் மேல் சொல்லாகக் கோத்துத் தருகிறது. 2022 நவம்பர் 30 இல் வெளியான சாட்ஜிபிடி இந்த வித்தையைத் தெருவெங்கும் கொண்டுவந்தது. பொருந்துகிறதா என்பது அந்தப் பொறியின் அடிப்படைக் கணக்கு. மெய்தானா என்பதற்கு அந்தக் கணக்கிலே தனிப் பத்தி கிடையாது. கேட்பவன் உழவனுக்கு உதவும் குறிப்புக் கேட்டாலும் எழுதும். ஊரைக் கொளுத்தும் வதந்தி கேட்டாலும், தடுப்புகளை ஏய்க்கத் தெரிந்தவனுக்கு, எழுதிவிடும்.

படத்துக்கும் இவ்வாறே. 2014 இல் இயன் குட்பெலோ என்னும் ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரு பொறி போலிப் படம் செய்யும். மற்றொரு பொறி அது போலியா மெய்யா என்று கண்டுபிடிக்கும். அகப்படும்போதெல்லாம் முதற்பொறி திருந்திக்கொள்ளும். ஏமாறும்போதெல்லாம் இரண்டாம் பொறி கூர்மை பெறும். திருடனையும் காவலனையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்தி ஒருவனுக்கு ஒருவன் ஆசானாக்கியது போன்ற ஏற்பாடு! 2017 இல் 'டீப்பேக்' என்னும் பெயரோடு போலி முகப் படங்கள் வெளியே வந்தன. 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள், மூன்று நொடிக் குரல் கிடைத்தால் போதும், அக்குரலிலேயே வேண்டியதைப் பேச வைக்கலாம் என்று அறிவித்தனர்.

வல்லாவின் முதல் முறை இங்கேதான் தளர்கிறது. நான்காம் நூற்றாண்டின் இலத்தீன் முழுவதையும் படித்த பொறி, 'சத்ரப்' என்று எழுதி அகப்பட்டுக் கொள்ளாது. போலிப் படத்திலே கைவிரலை எண்ணிப் பாருங்கள், ஆறு இருக்கும் என்றார்கள் முன்பு. விரல் இப்போது ஐந்தாகவே வருகிறது. உள்ளே நுழைந்து பிழை தேடும் கண், நாளுக்கு நாள் தோற்று வருகிறது.

இரண்டாம் முறையோ தளரவில்லை! 2023 மே 22 அன்று, அமெரிக்கப் படைத் தலைமையகமாகிய பென்டகன் அருகே வெடி வெடித்துப் புகை எழுவதாக ஒரு படம் பரவிற்று. பங்குச் சந்தை சில நிமிடம் சரிந்து மீண்டது. படத்தை உற்றுப் பார்த்துத்தான் பொய்யை அறிய வேண்டுமா? நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடும் இடத்தில் வெடி வெடித்திருந்தால் நூறு பேர் படம் எடுத்திருப்பர். இங்கே ஒன்றே ஒன்று மட்டும் ஏன்? அவ்வட்டாரத் தீயணைப்புத் துறை, வெடிப்பு ஏதும் இல்லை என்று அறிவித்தது. நாணயம் எங்கே என்று கேட்டதும் படம் விழுந்தது.

எல்லா இடத்திலும் கேட்க நேரம் வாய்ப்பதில்லை. அதையே எத்தர்கள் நம்பியிருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 30 இல் ஸ்லோவாக்கியாவில் பொதுத் தேர்தல். வாக்களிப்புக்கு முந்திய 48 மணி நேரம் பரப்புரை ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்த ஓய்வு நேரம் பார்த்து ஓர் ஒலிப்பதிவு கிளம்பிற்று. முற்போக்குக் கட்சித் தலைவர் மிகல் சிமெச்காவும் ஒரு பெண் செய்தியாளரும், ரோமா என்னும் சிறுபான்மை மக்களின் வாக்குகளை விலைக்கு வாங்குவது பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். இருவரும் மறுத்தனர். ஆய்ந்தோர் பொறியின் தடம் கண்டனர். மறுப்பு மெல்ல நடந்தது, பொய் பறந்தது. அக்கட்சி இரண்டாம் இடம் பெற்றது. அந்தப் பதிவால்தான் அது தோற்றது என்று நாம் கூறமாட்டோம். சான்று கேட்கும் நாம் சான்றின்றிப் பேசலாகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1903 இல் யூதர். 2023 இல் ரோமா மக்கள். பொறி புதிது, அது கைவைத்த புண் பழையது. ஒடுக்கப்பட்டோர் மீது ஊர் முன்னரே வைத்திருக்கும் வெறுப்பே, போலிக்கு உரமாகப் போடப்பட்டது.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியில் குடியரசுத் தலைவர் பைடனின் குரல் ஒலித்தது. இப்போது வாக்களிக்க வேண்டாம், வாக்கை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள் என்றது அது. குரல் போலி. செய்வித்தவர் ஓர் அரசியல் ஆலோசகர். செய்து கொடுத்தவர் ஒரு செப்பிடு வித்தைக்காரர். பெற்ற கூலி 150 டாலர்! கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் அந்த ஆலோசகர் மீது 60 இலட்சம் டாலர் தண்டம் விதித்தது. குற்றவியல் வழக்கிலோ, 2025 ஜூனில் நடுவர் குழு அவரை விடுவித்துவிட்டது. சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு வேண்டுமா? ஒரு காலத்தில் பேரரசனின் குரலைப் போலி செய்ய இலத்தீன் கற்ற எழுத்தனும் மடாலயமும் தேவைப்பட்டன. இன்று குடியரசுத் தலைவரின் குரலுக்கு விலை 150 டாலர்.

பொறி இல்லாமலே என்ன நடக்கும் என்பதை நம் தமிழ்நாடு கண்டது. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளரைத் தமிழர் அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் வடநாடெங்கும் பரவின. வேறு இடத்தில், வேறு காரணத்தால் நிகழ்ந்த சண்டைகளின் படங்களுக்கு நம் மண்ணின் பெயரை ஒட்டியிருந்தார்கள். அஞ்சிய தொழிலாளர் சிலர் மூட்டை கட்டினர். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து வந்த குழு நேரில் விசாரித்தது, புளுகு வெளிப்பட்டது. அங்கே உதவியது என்ன? எந்த ஊர், எந்த நாள், அடிபட்டவர் யார் என்ற கேள்விகள். பழைய படத்தைத் தேடி எடுக்கும் தொல்லைகூட இனி எத்தனுக்கு இல்லை. வேண்டிய ஊரில், வேண்டிய மொழியில், புதிதாகவே செய்துகொள்ளலாம் என்பதை எண்ணும்போது நமக்குக் கவலை மிகுகிறது.

"அப்படியானால் எதையுமே நம்பாதிருப்போம்! அதுதானே பகுத்தறிவு?" என்று துடிப்புள்ள தம்பி ஒருவன் கேட்கக்கூடும். இல்லை தம்பி, அது மற்றொரு படுகுழி.

ஆப்பிரிக்காவில் காபோன் என்றொரு நாடு. 2018 அக்டோபரில் குடியரசுத் தலைவர் அலி போங்கோ நோயுற்று அயல்நாட்டில் கிடந்தார். அரசு உண்மை நிலையை ஒளித்தது. ஆண்டு முடிவில் அவர் உரையாற்றும் காணொளி வந்தது. முகம் இறுகியிருந்தது, கண் இமைப்பு வழக்கம்போல் இல்லை. இது டீப்பேக் என்றனர் எதிர்த்தரப்பினர். 2019 ஜனவரி 7 இல் படையினருள் ஒரு சிறு கூட்டம், அந்த உரை எழுப்பிய ஐயத்தையும் காரணம் காட்டி, ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றது. பின்னர் ஆய்ந்த வல்லுநர், அக்காணொளியிலே போலிக்கான சான்று கண்டாரில்லை. போலிப் படம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. போலி செய்யலாம் என்ற எண்ணமே ஒரு நாட்டை உலுக்கப் போதுமானதாயிற்று!

செஸ்னி, சிட்ரன் என்னும் அமெரிக்கச் சட்ட அறிஞர் இருவர் இதற்குப் 'பொய்யனின் ஆதாயம்' என்று பொருள்படப் பெயரிட்டனர். எல்லாம் போலியாகலாம் என்று மக்கள் எண்ணத் தொடங்கிவிட்டால், கையும் களவுமாகப் பிடிபட்டவன்கூட, 'பொறி செய்த வேலை' என்று கூறித் தப்பிக்கொள்வான். கையூட்டு வாங்கியவன் தப்புவான். குடிசையைக் கொளுத்தியவன் தப்புவான். அடிபட்டவன் தன் காயத்தைப் படம்பிடித்துக் காட்டினால், அதையும் போலி என்பார்கள். எதையும் நம்பாத உலகில் வலியவனுக்கு இழப்பில்லை. ஏழைக்கு எஞ்சிய ஒரே சான்றும் பறிபோகும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சொல்லி நம்மவர் நிறுத்திக்கொள்கிறார்கள். பழமொழி அத்துடன் முடியவில்லை. தீர விசாரிப்பதே மெய் என்று முடிகிறது. முதல் இரண்டு அடிகளைச் சொல்ல உழைப்பு வேண்டாம். மூன்றாவதற்கு வேண்டும்.

நம் வீட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். 2018 இல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையிலே தோன்றி வாழ்த்துரைத்தார். 2016 இல் மறைந்த ஜெயலலிதாவின் குரல், 2024 பிப்ரவரியில் அவர் கட்சியினருக்கு அறைகூவல் விடுத்தது. இரண்டும் பொறியின் ஆக்கம். அப்படித்தான் என்பதை மறைக்கவில்லை. ஆகவே இவற்றை ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் நெஞ்சிலே ஓர் உறுத்தல். இறந்தவர் பேசுவதாகக் கூறிய பூசாரியை நகைத்து வளர்ந்த கூட்டம் நாம். இறந்தவர் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? இன்று அன்பினால் வைக்கிறோம். கண்டு பழகிய கண்ணுக்கு, நாளை பகைவன் வைப்பதும் இயல்பாகத் தோன்றாதா? தலைவர்கள் விட்டுச் சென்ற எழுத்து மலையாக இருக்கிறது. அதைப் படிக்கச் சோம்பிப் புதுக்குரல் தேடுவது முறையன்று.

வள்ளுவர் அறிவுடைமையைப் பேசுமிடத்து, சொன்னவர் யார் என்று பாராமல் சொன்ன பொருளை ஆராயப் பணித்தார். சொன்னவர் சொல்லத்தான் சொன்னாரா என்ற கேள்வியையும் அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய காலத்தில் நாம் வாழ்கிறோம்.

கேட்கப் பழகிய மக்களைப் பொய் எளிதில் வீழ்த்துவதில்லை. 2022 மார்ச்சில், உக்ரைன் தலைவர் செலன்ஸ்கி தம் படையினரைச் சரணடையச் சொல்வதாக ஒரு போலிக் காணொளியை விட்டார்கள். இத்தகைய புரட்டு வரக்கூடும் என்று அதற்கு இரு வாரம் முன்பே அந்நாட்டார் தம் மக்களை எச்சரித்திருந்தனர். செலன்ஸ்கியும் உடனே தோன்றி மறுத்தார். காணொளி நகைப்புக்கு இடமாகி ஒழிந்தது.

எனவே, நம் படிப்பகங்களில், மன்றங்களில், வகுப்பறைகளில் இந்தப் பழக்கத்தை வளர்ப்போம். கையிலுள்ள கருவியில் ஒரு படமோ குரலோ வந்து நெஞ்சைக் கொதிக்க வைத்தால், அனுப்புமுன் கேட்போம். முதன்முதல் எங்கே வெளிவந்தது? ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டாம் சாட்சி உண்டா? இது நடந்திருந்தால் வேறென்ன நடந்திருக்க வேண்டும், அது நடந்ததா? யாரை வெறுக்கச் சொல்கிறது? சுருங்கச் சொன்னால், நாணயம் எங்கே?

பகைவனைப் பழிக்கும் செய்தி வரும்போதுதான் இந்தக் கேள்வியை நாம் மறக்கிறோம். சனாதனியைச் சாடும் பொய்யும் பொய்யே. நம் கொள்கைக்கு மாலை சூட்டும் போலியும் போலியே. ஒருமுறை நாம் அத்தகைய ஒன்றைப் பரப்பி அகப்பட்டுக்கொண்டால், அடுத்த நாள் நாம் காட்டும் மெய்யான காயத்தையும் ஊர் நம்பாது. வல்லாவின் மன்னனுக்குப் பட்டயம் பொய்யாவது ஆதாயம். அவன் அன்று மெய்யைக் கண்டதில் வியப்பு குறைவு. தன் மன்னனுக்கு ஆதாயமான பட்டயம் ஒன்று கையில் வந்திருந்தால் அதையும் அதே விளக்கருகே வைத்துப் படித்திருப்பானா? அந்தத் தேர்வு அவனுக்கு வரவில்லை. நமக்கு ஒவ்வொரு நாளும் வருகிறது.